கூரையைப் பார்த்த கண்ணாடி

பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டுகிற அந்த மனிதருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிற பிரிவைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. மாணவர்கள் வைத்த பெயர் சாமியார். தாடி கிடையாது, துறவு கிடையாது, டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற ஆள். ஆனால் வண்டியில் ஏறுகிற ஒருவரையும் முகம் தூக்கிப் பார்க்க மாட்டார். படியில் கால் வைக்கிற சத்தம் கேட்கும், கதவு மூடும், வண்டி நகரும், அவ்வளவுதான். "சாமியாரண்ணா, என் முடிவெட்டு எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று பையன்கள் வம்புக்கு இழுப்பார்கள். "ரோடு நல்லா இருக்கு தம்பி" என்பார், ரோட்டைப் பார்த்தபடி. வண்டியே சிரிக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். பகல் முழுக்க ஊரார் துணியைப் பார்த்துப் பார்த்து மடித்துவிட்டு வருகிறவளுக்கு, தன் துணியை நிமிர்ந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லையே என்று ஒரு குறை. புலம்பிப் பார்த்தாள், பலிக்கவில்லை. பிறகு அதையே விளையாட்டாக்கிக்கொண்டாள். மகள் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதே பேருந்தில் போக ஆரம்பித்ததும் விளையாட்டு இன்னும் வசதியாகிவிட்டது. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"உங்க மக இன்னைக்கு உங்க வண்டியிலதான வந்தா. என்ன கலர் போட்டிருந்தா?"

"நான் எங்க பாத்தேன்?"

"ஒரு நாள் அவள எங்கயாவது தொலைச்சா, போலீஸ்காரங்ககிட்ட என்ன அடையாளம் சொல்வீங்க?"

"என் மகன்னு சொல்வேன்."

உள்ளே வீட்டுத் துணிக்கு மாறியிருக்கும் மகள் சிரிப்பாள். மனைவியும் சிரிப்பாள். இந்தப் பதிலைக் கேட்கத்தான் அவள் தினமும் கேட்டாளோ என்னவோ.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, வண்டிக்குள் இருப்பவர்கள் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி இருக்கும். எந்தப் பேருந்திலும் பார்க்கலாம். சாமியாருக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும்போது அவர் தங்கை தட்டச்சு வகுப்புக்குப் பேருந்தில் போய்வந்தாள். அந்த வண்டியை ஓட்டியவன் கண்ணாடியைப் பெண்கள் உட்காரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் அதில் பார்த்துச் சிரிக்கிறவன். ஒரு நாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். அப்பா கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன துணி போட்டுட்டுப் போன?" அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு கிடையாது. அந்த ஓட்டுநர் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.  பிறகு சாமியார் ஓட்டுநராகி முதல் வண்டியில் ஏறிய அன்று, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் அவர் செய்த வேலை, அந்தக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பியதுதான். கொள்கை, கோட்பாடு என்றெல்லாம் அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டவர்களிடம், "அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குதுங்க" என்று சொல்லிவைத்தார்.

அதற்காக அவரைப் பெரிய புரட்சிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கடைவீதியில் தொங்குகிற கிழிந்த ஜீன்ஸைப் பார்த்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நல்ல துணியக் கிழிச்சு, கிழிச்சதுக்கும் சேத்து விலை போடுறான் பாரு" என்பார். படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் அடக்கமாக உடுத்தினால் என்ன குறைந்துபோகும் என்றும் அவர் வீட்டில் சொல்வதுண்டு. "உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் பாக்கிறதே இல்லையே" என்று மனைவி வாயை அடைப்பாள். அதனால், மாணவர் உடையைக் கவனிக்க ஒழுங்குக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, சரிதான், யாராவது சொல்லட்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்த யாராவது தாமே என்று அப்போது அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் பல்கலைக்கழகத்துக்கு வந்து முறையிட்டிருக்கிறார்கள். வளாகத்துக்குள் என்ன கூத்து நடக்கிறதோ தெரியாது. ஆனால் பேருந்தின் பக்கவாட்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆள் உயர எழுத்தில் இருக்கிறது. கடைவீதி நிறுத்தத்தில் அந்தப் பெயருக்குக் கீழே முழங்கால் தெரிய ஒருத்தி, தோள் தெரிய ஒருத்தி, அரைக்கால்சட்டையோடு ஒருவன் நின்று ஏறுகிறார்கள். இதுதான் நீங்கள் கொடுக்கிற படிப்பா? வளாக வாசலில் காவலாளி தடுத்து என்ன பயன், அதற்குள் ஊரே பார்த்துவிட்டதே. ஒழுங்குக் குழுத் தலைவரான பேராசிரியர் ஒரு நல்ல நாள் பார்த்து ஓட்டுநர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, பேசினார். கத்துகிற மனிதர் இல்லை. கனிவாகவே பேசினார். கனிவாகப் பேசுகிறவர்களிடம்தான் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாது.

"காலைல நம்ம பிள்ளைங்கள முதல்ல பாக்கிறது நீங்கதான். ஏறும்போதே பாத்துடுங்க. சரியா இல்லன்னா ஏத்த வேணாம். அவங்க நல்லதுக்குத்தான்."

சாமியார் எழுந்து நின்றார். "சார், நான் பாக்கிறதில்ல சார்."

"என்ன பாக்கிறதில்ல?"

"ஆளுங்கள."

அறையே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். "அதனால என்ன, இனிமே பாருங்க" என்றார். பிறகு ஓட்டுநர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். அதில் மேலே ஒரு பையனும் பெண்ணும் முழுக்க மூடி, பச்சை நிறத்தில். கீழே அதே பையனும் பெண்ணும் குறைத்து உடுத்தி, அவர்கள்மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி. கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். ஏறுகிற ஆளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமாம். சந்தையில் தக்காளி பொறுக்குகிற வேலைகூட இதைவிட மரியாதையானது என்று நினைத்துக்கொண்டே சாமியார் அதை ஒட்டினார்.

முதலில் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். படியில் வைக்கிற காலை மட்டும் பார்ப்பது, கணுக்காலுக்கு மேலே கண்ணைத் தூக்காமல், செருப்பை வைத்தே ஆளை எடைபோடுவது என்று முடிவு செய்தார். இந்த மகா திட்டத்தின்படி, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்த ஒரு பையனை இறக்கிவிட்டார். அவன் கழுத்துவரை பொத்தான் போட்டு, மணிக்கட்டுவரை கை மூடி, ஒழுங்குக் குழுவுக்கே பாடம் எடுக்கிற மாதிரி உடுத்தியிருந்தானாம். பளபளவென்று பூட்ஸ் போட்டு வந்தவனுக்கு மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். அந்த பூட்ஸுக்கு மேலே அரைக்கால்சட்டை இருந்தது வளாகத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அங்கே குழுவைச் சேர்ந்தவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்கள். அவருக்கு ஒரு நோட்டீஸ். சில நாள் கழித்து இன்னொன்று. மூன்றாவது வந்தால் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று போக்குவரத்து மேலாளர் சொல்லிவிட்டார்.

அதோடும் விடவில்லை. பட்டறையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உப்பிய வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். மாட்டிய மெக்கானிக் சாமியாரின் பழைய சிநேகிதர்.

"இதுல மொத்த வண்டியும் தெரியும். கடைசி சீட்டுல ஒருத்தன் மூக்க நோண்டினாக்கூடத் தெரியும்."

"திருப்பி வைக்க முடியுமா?"

"முடியாது. நாலு பக்கமும் போல்ட்டு. அசையாம மாட்டச் சொல்லி உத்தரவு." மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்தார். "நான் என்னய்யா பண்ணட்டும்."

சாமியார் பார்க்கக் கற்றுக்கொண்டார். வேறு வழி இல்லை. மகளுடைய படிப்பு முடியவில்லை, வேறு இடத்தில் வேலை கேட்கிற வயதும் இல்லை. முதல் நாட்களில் அது லேசில் வரவில்லை. யாராவது ஏறினால் முகத்தைப் பார்த்தார், பிறகு இது முகம் பார்க்கிற வேலை இல்லையே என்று நினைவு வந்து கண்ணைக் கீழே இறக்கினார், இறக்கியதற்காகத் தன்மேலேயே அருவருப்புப்பட்டார். ஆனால் எந்த வேலையும் செய்யச் செய்யப் பழகிவிடுகிறது. அதுதான் கொடுமை. முழங்கால், தோள், கழுத்து என்று அவர் கண் தானாகவே ஒரு வரிசை பிடித்துக்கொண்டது. கியர் மாற்றுகிற நேரத்தில் ஓர் ஆளைப் பார்த்து முடித்துவிடுவார்.

பார்க்கப்படுகிறவர்களும் பழகிக்கொண்டார்கள். பெண்கள் படியில் கால் வைக்கும்போதே பையைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சரியாகவே உடுத்தியிருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். முடிவெட்டைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது, ஸ்கேனர். பின் சீட்டிலிருந்து ஒருவன், "ஸ்கேனர் கிட்ட பாத்துப் போடா, எக்ஸ்ரே எடுத்துடுவாரு" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் சேர்த்த பெயர், இரண்டு மாதத்தில் போயே போய்விட்டது. அன்றைக்கு அவர் டீக்கடையில் சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தார்.

அந்தக் கண்ணாடி இன்னொன்றையும் காட்டியது. மகள் எங்கே உட்காருவாள் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. வண்டிக்குள் நீ பயணி, நான் டிரைவர், சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று முதல் நாளே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். நடு வரிசையில் ஒரு கும்பலுக்கு நடுவே அவள் குரல் கேட்கும், அது போதும் அவருக்கு. இப்போது அவள் பின்பக்கம் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஸ்கேனருடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து யார் என்ன பேச முடியும்? அவள் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால், பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமே.

இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பார். ஆனால் ஒரு நாள் அந்தக் கைக்கட்டுப் பெண் வந்தாள்.

கைப்பந்து ஆடி விழுந்தவளாம். விரல் தொடங்கி முழங்கைக்கு மேலே வரைக்கும் மாவுக்கட்டு. எந்தச் சட்டையின் கையும் அதன்மேல் ஏறாது என்பது குருடனுக்கும் தெரியும். கையில்லாத மேல்சட்டை ஒன்றைப் போட்டு, தோளில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறும்போது அந்தத் துணி நழுவி விழுந்தது. தோள், இரண்டும். சிவப்புப் பெருக்கல் குறி.

"மேல எதாவது போட்டுட்டு வாம்மா" என்றார் சாமியார்.

"கட்டு மேல எதுவும் ஏறல அண்ணா. இந்தத் துணியும் நிக்க மாட்டேங்குது."

அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் என்ன. ஏற்றிக்கொண்டால் அந்தப் பக்கம் குழு நிற்கிறது. மாவுக்கட்டுக்கு விலக்கு உண்டா என்று யாரைக் கேட்பது? அந்த ஸ்டிக்கரில் மாவுக்கட்டுப் படம் இல்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது நோட்டீஸ் என்ற ஒரே நினைப்பு அவர் மண்டைக்குள் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"அடுத்த வண்டில வாம்மா" என்றார்.

அந்தப் பெண் இறங்கினாள். இறங்குவதற்கும் ஒற்றைக் கைதான். அவர் கதவை மூடப் போனபோது, உப்பிய கண்ணாடியில் பின்வரிசையிலிருந்து ஓர் உருவம் எழுந்து நடந்து வருவது தெரிந்தது. வர வரப் பெரிதாகி, அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"கதவத் திறங்கண்ணா" என்றாள் மகள்.

அண்ணா. எல்லா மாணவர்களும் கூப்பிடுகிற மாதிரி. வண்டிக்குள் நீ பயணி என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், அதனால் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவர் திறந்தார். அவள் இறங்கி, கீழே கிடந்த துணியை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டாள். வண்டி இருவரையும் விட்டுவிட்டு நகர்ந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், எதுவும் அறியாத மனைவி வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"உங்க மக இன்னைக்கு என்ன கலர்?"

"வெளிர் நீலம்" என்றார் சாமியார். "முழுக்கை. இடது மணிக்கட்டுல பொத்தான் இல்ல."

யோசித்துச் சொல்லவில்லை. கேட்டதும் வாயிலிருந்து விழுந்துவிட்டது. மனைவி கை கொட்டிச் சிரித்தாள். "அதிசயமா இருக்கே, கண்ணு தொறந்துடுச்சா உங்களுக்கு" என்றாள். மகள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளிடம் அவர் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். அவள் மகளின் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தா நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு நிப்பேன்" என்று மட்டும் கேட்டாள்.

புகார் போனது. பேராசிரியரின் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர், போக்குவரத்து மேலாளர், சுவரோரமாக நான்கு மாணவிகள். கைக்கட்டுப் பெண் இருந்தாள். நான்காவதாக நின்றவள் அவர் மகள்.  பேராசிரியருக்கு அவள் யார் மகள் என்று தெரியாது.

"டிரைவர் கண்ணாடில எங்களையே பாக்கிறாரு சார்" என்றாள் முதல் பெண். "ஏறும்போது மேலயிருந்து கீழ வரைக்கும் பாக்கிறாரு. உக்காந்த பிறகும் பாக்கிறாரு. எங்களால நிம்மதியா வர முடியல."

பேராசிரியரின் கனிவு போன இடம் தெரியவில்லை. "இந்த வயசுல இது என்னய்யா? எங்க பல்கலைக்கழகத்துப் பேரு என்ன ஆகும், யோசிச்சியா?" என்றார். நேற்றுவரை நீங்க, இன்றைக்கு நீ.

"பாக்கச் சொன்னது நீங்கதான சார்" என்றார் சாமியார்.

"உடையப் பாக்கச் சொன்னோம். பிள்ளைங்களப் பாக்கச் சொல்லல."

சாமியாருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு. "உடை தனியா ஏறி வரல சார்" என்றார். "நான் பாக்கவே மாட்டேன்னு அன்னைக்கே எழுந்து நின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. இப்பச் சொல்லுங்க சார். நான் எங்க பாத்திருக்கணும்?"

பேராசிரியர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். 

"நான் ஒண்ணு சொல்லலாமா சார்?" என்றாள் மகள். "அவர் எங்கப்பா."

பேராசிரியர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கப்பா தப்பான ஆள் இல்ல சார். யாரையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல, நான் போடுற துணி என்ன கலர்னுகூடத் தெரியாது அவருக்கு. அப்படி இருந்தவரு. இப்ப பாக்கிறாரு. இவங்க சொல்றது உண்மைதான். எனக்கும்…" அவள் நிறுத்தினாள். அவரைப் பார்க்காமல் பேசினாள். "எனக்கும் ஏறும்போது கூசுது சார். அவர மாத்த வேணாம். அந்தக் கண்ணாடிய எடுத்துடுங்க. இந்தப் பாக்கிற வேலைய எடுத்துடுங்க. அதக் கேக்கத்தான் வந்தோம்."

மற்ற மூன்று பேரும் தலையசைத்தார்கள். கைக்கட்டுப் பெண்கூட அசைத்தாள். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? ஆனால் சாமியாரின் காதில் ஒரே ஒரு சொல்தான் நின்றது. எனக்கும்.

பல்கலைக்கழகம் யோசித்து முடிவெடுத்தது. கண்ணாடி அங்கேயே இருந்தது. ஆளை எடுத்தார்கள். வரம்பு மீறியதற்காக அவரைத் தண்ணீர் லாரிக்கு மாற்றினார்கள். வளாகத்துப் புல்லுக்கும் செடிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டு சுற்றுகிற லாரி. பேருந்துக்கு ஒரு சின்ன வயசுக்காரனைப் போட்டார்கள். அவனுக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை என்றும், காலையில் வந்ததும் அந்தக் கண்ணாடியை ஊதி ஊதித் துடைத்து வைக்கிறான் என்றும் மெக்கானிக் வந்து சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். சாமியார் லாரியின் குழாயை அழுத்தித் திருகிய வேகத்தில் கைப்பிடியே கையோடு வந்துவிட்டது.

லாரி வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும். அதனால் இப்போது மகள் கிளம்பும்போது அவர் வீட்டில் இருக்கிறார். முதல் நாள் காலை அவர் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள். மகள் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அவர் நிமிர்ந்தார். அவ்வளவுதான். மகள் வருகிற சத்தத்துக்கு எந்த அப்பாவும் நிமிர்வார். ஆனால் அவர் கண் முகத்துக்குப் போகவில்லை. முழங்கால், தோள், கழுத்து. வரிசை மாறாமல், கியர் மாற்றுகிற நேரத்தில், அவர் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. மகள் தோளில் கிடந்த பையை இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவளும் வேண்டுமென்று செய்யவில்லை. செய்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பையை மெதுவாகக் கீழே இறக்கினாள். "வரேம்ப்பா" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் குனிந்து, ஏற்கனவே கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்திருந்தார். "பாத்துப் போ" என்று வாய்வரை வந்தது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "சரிம்மா" என்றார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை. வீடு இப்படி ஊமையாகக் கிடக்கிறதே, பழையபடி ஒரு வார்த்தை சிரித்துப் பேசினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்க மக இன்னைக்கு என்ன கலர் போட்டுட்டுப் போறா, சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

பச்சை. முக்கால் கை. கழுத்தோரம் தையல் விட்டிருந்தது, கீழ் மடிப்பு ஒரு விரல் அளவு பிரிந்திருந்தது. எல்லாம் அவர் கண்ணுக்குள் அப்படியே நின்றது.

"நான் எங்க பாத்தேன்?" என்றார்.